டாக்டர் சவரிமுத்துவின் மகன்

மைசூர் அக்ரஹாரத்தில் குடியிருந்த வேங்கடவரதன் என்கிற குமாஸ்தா, டாக்டர் சவரிமுத்துவுக்கு நாற்பத்திரண்டு ரூபாய் தரவேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷத்துக் கடன். நாளொன்றுக்கு ஒரு பாட்டில் மருந்து, பாட்டிலுக்கு இரண்டு ரூபாய், இருபத்தோரு நாள். குமாஸ்தா கொடுக்கவில்லை. அதோடு விட்டாரா? கேட்ட மனிதர்மேல் ஆத்திரப்பட்டு ஒரு நாவல் எழுதி, அதில் அவரைப் போலி டாக்டராக்கி அச்சில் ஏற்றிவிட்டார். நோயாளி வருவது நின்றது. குடும்பம் பன்னிமண்டபம் பக்கம் தகரக் கொட்டகைக்குக் குடிபோனது.

லூர்துராஜுக்கு அவருடைய அம்மா ஞானம்மாள் சோற்றோடு ஊட்டிய கதை இது. அந்த அம்மாள் இதில் இன்னொன்றும் சேர்த்துச் சொல்லுவாள். அந்த வீட்டில் அப்பா வாசல் தாண்டி உள்ளே போகக் கூடாது. முதல் நாள் வந்து பார்த்ததற்குக் கொடுத்த எட்டணாவைக்கூடக் கையில் வைக்கவில்லை. உயரத் தூக்கி, விரல் படாமல், பிச்சைக்காரனுக்குப் போடுகிற மாதிரி போட்டார்களாம். "என்னைக்காவது ஒரு நாள் அந்த வீட்டுக்காரன் உன் உள்ளங்கையில தொட்டு எண்ணி வெக்கணும்டா" என்பாள். அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு இப்போது வயது எழுபத்தாறு.

லூர்துராஜ் யார் என்று என்.ஆர். மொஹல்லாவில் எந்த ஆட்டோக்காரனைக் கேட்டாலும் நேராக வாசலில் கொண்டுபோய் இறக்குவான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவர். ஒன்பது வயதில் அப்பா போனார். மறுமாதமே தலையில் மணல் சட்டி ஏறியது. பதினாறு வயதில் மொசைக் தரை தேய்க்க உட்கார்ந்தார். இரண்டு முழங்காலிலும் கறுப்பாக ஒட்டுப் போட்ட மாதிரி தோல் இன்றைக்கும் இருக்கிறது. யாராவது பட்டதாரி இன்ஜினியர் அதிகம் பேசினால் வேட்டியைத் தூக்கி அதைக் காட்டுவார். "இதுதான் என் சர்ட்டிபிகேட், பாத்துக்க." மைசூரில் எத்தனை கல்யாண மண்டபம் உண்டோ அதில் பாதிக்குத் தரை அவர் போட்டது. மீதிப் பாதியில் தரை பெயர்ந்திருக்கும்.

கிரானைட் காலம் வந்தபோது மற்ற மொசைக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இவர் மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கல் அறுக்கிற மிஷின் வாங்கினார். மூன்று மாடி வீடு, இரண்டு பெண்களுக்குக் கல்யாணம், மாதா கோயிலுக்குப் பீடத்துக் கல், எல்லாம் அந்த மிஷின் அறுத்துப் போட்டது. யாரிடமும் ஒரு பைசா ஓசியில் வாங்கியதில்லை. இதையும் அவரே சொல்லுவார், கேட்காவிட்டாலும்.

ஆனால் வீட்டு கேட்டில் அவர் பெயர் இல்லை. மூன்றடி அகலக் கறுப்புக் கல். 'டாக்டர் சவரிமுத்து இல்லம்' என்று தமிழிலும் கன்னடத்திலும். எழுத்து வெட்டுகிறவனை நம்பாமல், எழுதப் படிக்கத் தடுமாறுகிற மனிதர், ஒவ்வொரு எழுத்தையும் சாக்பீஸால் வரைந்து வாங்கித் தாமே வெட்டினார். பத்து நாள் ஆனது.

வேலையிடத்தில் சோற்று நேரத்தில் அவர் பேச்சைக் கேட்கவேண்டும். "டேய், நீங்கல்லாம் ராகிக் களி முழுங்கிட்டு இருந்த காலத்துல எங்க வீட்டுல பீட்ரூட்டு. தெரியுமா? இங்கிலீஷ் காய்! மார்க்கெட்டுல தொரைமாருங்க வீட்டு சமையக்காரனும் எங்கப்பாவும்தான் வாங்குவாங்க. எனக்குக் காய்ச்சல்னா எங்கப்பா தோள்ல போட்டுக்கிட்டு நேரா பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓடுவாரு. டாக்டர் பையன்டா நான்!"

சந்துரு என்று ஒரு பாலிஷ்காரன், வாய்த் துடுக்கு. "ஏன் மேஸ்திரி, டாக்டர் பையன் ஏன் எங்ககூட ஊறுகா தொட்டுக்கறீங்க?" என்பான்.

"ஒரு அக்ரஹாரத்துக்காரன் நாப்பத்திரெண்டு ரூவா குடுக்கலடா. அதான்."

அப்படிச் சிரித்துப் பேசினாலும் உள்ளே அது ஆறவில்லை. அந்த நாவலை அவர் கண்ணால் கண்டதில்லை. பெயர்கூடத் தெரியாது. போன வருஷம் மழைக்கால முடிவில், இளைய மகள் நிம்மி, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஹெட் நர்ஸ், போனைப் பார்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தக் குமாஸ்தா பேரு வேங்கடவரதன்தானே?"

"ஏன்?"

"அவர் எழுதின நாவலைத் திரும்பப் போடறாங்களாம். 'அலர்மேலு அல்லது அரண்மனைத் தெரு மர்மம்'. மைசூர்ல எழுதின பழைய தமிழ் நாவலாம். பேரன் முரளிதரன்னு ஒருத்தர் போடறார். அடுத்த மாசம் விழா. வாட்ஸ்அப்புல சுத்துது."

லூர்துராஜ் போனை வாங்கிப் பார்த்தார். எழுத்து ஓடியது. திருப்பிக் கொடுத்தார். "கால்குலேட்டரைப் போடு. நாப்பத்திரெண்டு ரூவா. நூத்துக்கு மாசம் ஒரு ரூவா வட்டி. தொண்ணூறு வருசம்."

அவள் தட்டினாள். "தனி வட்டின்னா முதலோட சேத்து நானூத்தித் தொண்ணூத்தி அஞ்சு, சில்லறை. வட்டிக்கு வட்டின்னா பதினோரு லட்சத்துக்கு மேல வருது."

"வட்டி வேண்டாம். நான் என்ன சேட்டா? முதலு போதும். எண்ணிக் கையில வெக்கணும். அப்புறம் அந்தப் புஸ்தகத்துல, சவரிமுத்து டாக்டரைப் பத்தி எழுதினது பொய்னு அச்சடிக்கணும்."

"அப்பா, சும்னிரு, பேசாம இரு. யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இருக்கு."

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கைக்கடிகாரம். ஸ்கூட்டரில் அக்ரஹாரம் போனார். சந்துக்குள் சந்து, கடைசியில் ஓட்டு வீடு, பாதி இடிந்து, மீதியில் முரளிதரன். பேங்கிலிருந்து ரிட்டயர் ஆனவர், மெலிந்த மனிதர், தோளில் துண்டு. வாசலில் நின்று லூர்துராஜ் முதலில் பார்த்தது தரையைத்தான். காரைத் தரை, வெடித்திருந்தது. இதைப் பெயர்த்துப் புதுசு போட இரண்டு நாள் போதும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது.

"யாரு? கிரானைட்டுக்கு நான் யாரையும் வரச்சொல்லலையே" என்றார் முரளிதரன். கைக்கடிகாரத்தைத் தாண்டி அவர் கண் கல் அறுத்ததில் வந்த முழங்கைச் சிராய்ப்புகளுக்குப் போயிருந்தது.

"கடன் வசூலுக்கு வந்திருக்கேன் சார். டாக்டர் சவரிமுத்து பையன்."

முரளிதரன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வை ஒன்றும் இல்லை. "உள்ளே வாங்கோ" என்றார் மெதுவாக. "காபி சாப்பிடறேளா?"

"காபி பேடா சார், வேண்டாம். நான் வாசப்படி தாண்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். எங்கப்பன் இந்த வாசல்லதான நின்னான்?"

"நின்னிருப்பார். அந்தக் காலம் அப்படி. அதுக்கு நான் இல்லேன்னு சொல்லமாட்டேன்."

லூர்துராஜ் எல்லாவற்றையும் சொன்னார். எழுபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிவிட்ட கதை, எங்கும் தடுக்காது. இருபத்தோரு பாட்டில், நாற்பத்திரண்டு ரூபாய், தூக்கிப்போட்ட எட்டணா, தகரக் கொட்டகை. முடிந்ததும் முரளிதரன் உள்ளே போய் ஜெராக்ஸ் எடுத்த தாள் மூன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"எரநூத்தி நாப்பது பக்கம் நாவல். அதுலே உங்க தகப்பனார் வர்றது மூணே பக்கம். படிச்சுட்டு வாங்கோ. படிச்சப்புறமும் கடன்னு கேட்டேள்னா, இதே எடத்துலே எண்ணித் தர்றேன். நீங்க சொல்ற குறிப்பையும் போட்டுடறேன். அடுத்த வாரம்தான் அச்சுக்குப் போறது."

"மூணு பக்கம்தானா?"

"ஆமா. நாவல்லே துப்பறியறவர் வேற ஒருத்தர். வைர அட்டிகை காணாமப் போயிடும். உங்க தகப்பனார் ஆறாம் அத்தியாயத்துலே வந்துட்டுப் போயிடறார்."

ஒரு குடும்பத்தை இடித்துத் தள்ள மூன்று பக்கம் போதுமாயிருந்திருக்கிறது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். வழியில் எங்கும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்தாலும் பழைய எழுத்து, அவரால் ஆகாது.

அன்று நிம்மிக்கு மதியம் மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்தது. சோறுகூடச் சாப்பிட விடாமல் உட்கார வைத்தார். அவளும் கன்னட மீடியம். தமிழ் மெதுவாகத்தான் வரும். விரல் வைத்து வாசித்தாள்.

'அவருக்கு டாக்டர் என்னும் பட்டம் ஜனங்களால் வழங்கப்பட்டதேயன்றி யாதொரு காலேஜினாலும் வழங்கப்பட்டதன்று. கழுத்தில் தொங்கிய குழலின் ஒரு காது அறுந்திருந்தது.'

"பேரு என்ன போட்டிருக்கான்?"

"ஞானப்பிரகாசம்னு போட்டிருக்கு. சவரிமுத்துன்னு எங்கயும் இல்ல."

"கோழை. பேரைச் சொல்லத் தைரியமில்ல. மேல படி."

'குமாஸ்தாவின் புத்திரி, நான்கு வயதுக் குழந்தை, விஷஜுரத்தால் தணலாய்க் கொதித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகலாமென்று குமாஸ்தா சொல்ல, டாக்டர் நகைத்து, அங்கே சென்ற குழந்தை திரும்பாது என்றார். சிவந்த நிறத்து மருந்தொன்றைப் பாட்டில் இரண்டு ரூபாய் வீதம் இருபத்தொரு தினங்கள் கொடுத்தார். தாயானவள் கைவளை இரண்டையும் அடகு வைத்து, ஆசாரம் பாராமல், தானே வாசலுக்கு வந்து அவருடைய உள்ளங்கையில் விரல் பட எண்ணி வைத்தாள். இருபத்திரண்டாம் நாள் குழந்தை கண் மூடிற்று.'

நிம்மி நிறுத்தினாள். "அப்போ, பணம் குடுத்திருக்காங்கப்பா."

"அவன் எழுதினது அவனுக்குச் சாதகமாத்தான் இருக்கும். படி."

'பின்னர் விசாரித்ததில் அம்மருந்தின் ரகசியம் வெளியாயிற்று. பீட்ரூட் என்னும் சீமைக் கிழங்கின் தோலைக் காய்ச்சி இறுத்து, சர்க்கரையும் சிறிது பச்சைக் கற்பூரமும் கூட்டிய வெறும் நீரே அது.'

நிம்மி தாளைத் திருப்பினாள்.

"அவ்வளவுதான்பா இவர் வர்றது. இதுக்கப்புறம் யாரோ முகமூடி போட்டுக்கிட்டுக் கோச் வண்டியில வர்றான்."

"அந்த வரியை இன்னொரு தரம் படி."

படித்தாள்.

மார்க்கெட்டில் துரைமார் வீட்டுச் சமையல்காரனும் அப்பாவும்தான் பீட்ரூட் வாங்கினார்கள். அம்மா தோலைச் சீவித் தனியாக ஒரு சட்டியில் போடுவாள். கிழங்கு குழம்புக்கு, தோல் அடுப்புக்கு. அவள் விரல்கள் வாரம் முழுக்கச் சிவந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். அந்த முந்தானையில் ஒரு வாசனை. இத்தனை வயதுக்கும் எந்தப் பெருமாள் கோயில் பக்கம் போனாலும், தீர்த்த வாசனை மூக்கில் ஏறினால், அவருக்கு அம்மா ஞாபகம் வரும். வேதக்காரன் வீட்டில் பச்சைக் கற்பூரம் எதற்கு என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. அலமாரியில் வரிசையாகச் சிவப்பு பாட்டில். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும், குடிக்கிற அளவு தெரிய, பல்லுப் பல்லாக வெட்டி ஒட்டிய காகிதம், வேளைக்கு ஒரு பல். ஒரு தரம் திருடிக் குடித்தார். இனித்தது. அம்மா பார்த்தாள், அடிக்கக்கூட இல்லை. விஷமென்றால் அடித்திருப்பாள். மருந்தென்றாலும் அடித்திருப்பாள்.

நாவல் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில். அவர் பிறந்தது நாற்பத்தெட்டில். பெயர் கெட்டுப்போய்க் கொட்டகைக்கு வந்தபிறகும் அப்பா அதே தோலைத்தான் காய்ச்சியிருக்கிறார். அக்ரஹாரத்துக்குப் பதில் மில் கூலிகள். இரண்டு ரூபாய்க்குப் பதில் நாலணா. அவர்கள் வீட்டில் எந்தக் குழந்தைக்கு என்ன ஆனதென்று எழுத ஒரு குமாஸ்தா இல்லை, அவ்வளவுதான்.

"கதைதானேப்பா" என்றாள் நிம்மி. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்தாள். "கதைல என்ன வேணாலும் எழுதுவாங்க. தாத்தா பேரே இல்ல. நீ போய்ப் பணத்தைக் கேளு, வேணும்னா நானும் வர்றேன்."

"உனக்குத் தெரியுமா?"

"என்னது?"

"தாத்தா டாக்டர் இல்லேன்னு."

அவள் நகத்தைப் பார்த்தாள். "நான் நர்சிங் சேந்த வருசமே தெரியும்பா. கம்பவுண்டரா இருந்திருப்பார்னு நெனச்சேன். நீ கல்லுல வெட்டிட்டு இருந்தே. எப்படிச் சொல்றது?"

அவர் எழுந்து போய்விட்டார். கோபம் அப்பாமேல்கூட அவ்வளவு இல்லை. அம்மாமேல் வந்தது. வாங்கிய பணத்தைக் கொடுக்காத பணமாக மாற்றி, தொட்டுக் கொடுத்த கையைத் தூக்கிப்போட்ட கையாக மாற்றி, ஒரு பிள்ளையின் வாயில் எழுபது வருஷத்துக்குத் தங்குகிற மாதிரி ஊட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அதைத் தின்றுதான் அவர் வளர்ந்தார். மணல் சுமந்தபோதும் முழங்கால் தேய்ந்தபோதும் அந்த நாற்பத்திரண்டு ரூபாய்தான் முதுகில் பிடித்துத் தள்ளியது. தள்ளிய கை பொய்க்கை. ஆனால் மூன்று மாடியும் நிஜமாக நிற்கிறதே, அதை என்ன செய்வது?

மறுநாள் காலை கேட் அருகில் நின்று கல்லைப் பார்த்தார். பெயர்த்தெடுக்க இரண்டு ஆள், அரை நாள். சுவர் கொஞ்சம் உதிரும், பூசிவிடலாம். சந்துருவுக்குப் போன் போட எடுத்தார். சந்துரு கேட்பான். கேட்டால் சொல்லவேண்டும். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை மிதித்தார். வழியில் மாதா கோயில் பக்கத்து மெழுகுவத்திக் கடையில் ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினார்.

"ரெண்டு ரூவா காசா இருக்கா தாயி? இருபத்தொண்ணு வேணும்."

கடைக்காரி தேவம்மா சிரித்தாள். "ஏன் மேஸ்திரி, அத்தனை பிச்சைக்காரங்களுக்கா போடப் போறீங்க?"

இதற்கு முன்னால் என்றால் பத்து வார்த்தை பதில் வந்திருக்கும். அவர் மீதி எட்டு ரூபாயைக்கூட வாங்காமல் கிளம்பினார்.

முரளிதரன் வாசலிலேயே இருந்தார். மடியில் ஒரு பழுப்புக் கவர். "படிச்சேளா?"

"படிக்கச் சொல்லிக் கேட்டேன்."

"நாப்பத்திரண்டு எடுத்து வெச்சிருக்கேன். ராத்திரி யோசிச்சேன். கோர்ட்டா கச்சேரியா, என்ன சாட்சி இருக்கு எங்கிட்டே? பாட்டி சொன்னது, தாத்தா எழுதினது. உங்களுக்கு உங்க அம்மா சொன்னது. இதுவா அதுவா யாரு பார்த்தா? கேட்டேள்னா குடுத்துடறதுன்னு இருக்கேன்."

அவ்வளவு சுலபமாக இருந்தது. கையை நீட்டினால் போதும். தொட்டு எண்ணி வைப்பார். புத்தகத்தில் குறிப்பு வரும். கேட்டில் கல் நிற்கும். அந்தத் தோல் நிஜமாகவே அடுப்பில் கொதித்ததைக் கண்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

"பேடா சார்" என்றார் லூர்துராஜ். "நீங்க கையை நீட்டுங்க."

"நானா?"

"இருபத்தோரு பாட்டில். உங்க பாட்டி குடுத்தது."

முரளிதரன் கவரைக் கீழே வைத்தார். "அந்தக் கொழந்தைக்குப் பேரு ரங்கம்மா" என்றார். "தாத்தா நாவல்லே அந்தப் பேரைப் போடலை. உங்க தகப்பனார் பேரையும் போடலை. ரெண்டும் வேணாம்னு நெனச்சாரோ என்னவோ."

"குறிப்பு எதுவும் போடவேண்டாம். இருக்கறபடி இருக்கட்டும்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோச்சுக்காதீங்கோ." முரளிதரன் குரலில் மரியாதை இருந்தது, இரக்கம் இல்லை. "அதுலே ஒண்ணுமே இல்லேன்னு அவருக்குத் தெரியுமா? இல்லே, அவரே நம்பித்தான் குடுத்தாரா? பாட்டி சாகற வரைக்கும் இதைத்தான் கேட்டுண்டிருந்தா."

லூர்துராஜ் வெடித்த காரைத் தரையைப் பார்த்தார். நம்பித்தான் கொடுத்தார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். செத்தவருக்கும் நல்லது, இருக்கிறவருக்கும் நல்லது.

"எனக்குக் காய்ச்சல்னா தோள்ல போட்டுக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓடுவாரு சார்."

முரளிதரன் தலையை ஆட்டினார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பழைய கதை, விடுங்கள் என்றும் சொல்லவில்லை. காபி சாப்பிடுகிறீர்களா என்று இன்றைக்குக் கேட்கவும் இல்லை. வலது கையை நீட்டி விரித்தார்.

லூர்துராஜ் சட்டைப் பையிலிருந்து காசை அள்ளினார். தூக்கிப் போடவில்லை. முதல் காசை அந்த உள்ளங்கையில் விரல் பட வைத்தார். கல் அறுத்த விரல், மரத்துப்போனது. ஆனாலும் அந்தக் கையின் சூடு தெரிந்தது.

"ஒண்ணு."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. அவசரப்படாமல், மொசைக் சில்லுப் பதிக்கிற மாதிரி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் வைத்துக்கொண்டே போனார். பத்துக்கு மேல் இடம் போதவில்லை. முரளிதரன் இடது கையையும் சேர்த்துக்கொண்டார். எண்ணிக்கை மட்டும் கேட்டது.

"பத்தொம்பது. இருபது."

கடைசிக் காசு பையின் மூலையில் மாட்டிக்கொண்டது. நோண்டி எடுத்தார். வைத்தார்.

"இருபத்தொண்ணு."